நூலகத்தில் பார்த்த மாப்பிள்ளை

காதலித்துக் கல்யாணம் வரை வந்துவிட்ட இருவரை, ‘பெரியவங்க பார்த்து முடிச்ச சம்பந்தம்’ என்று ஊருக்குச் சொல்லி மணம் முடித்து வைப்பது நம் வீடுகளில் இப்போது சர்வ சாதாரணம். இதைப் படிக்கிற நீங்களும் அப்படி ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய், சந்தனம் குங்குமம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வீடு திரும்பியிருப்பீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டதும் நடந்துவிட்டது, பெரியவர்கள் மரியாதையும் கெடவில்லை, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். போன தை மாதம் அருப்புக்கோட்டையில் என் அக்கா மகளுக்கு நிச்சயம் ஆனதிலிருந்து அந்தக் கேள்வியை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நஷ்டம் இருக்கிறது. அது யாருக்கு என்பதுதான் அன்று சாயங்காலம் வரை எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வயது இருபத்தேழு ஆகிறது, இன்னும் பாப்பாதான். அம்மாவிடம் சொல்ல முடியாததை எல்லாம் என்னிடம் சொல்லி வளர்ந்தவள். அவனைப் பற்றியும் முதலில் என்னிடம்தான் சொன்னாள். அதனால் அவர்கள் பழகிய கதை எனக்கு ஆரம்பத்திலிருந்து தெரியும். நல்ல கதை. யாரிடம் வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய கதை. அதைத்தான் சொல்லக் கூடாது என்றார்கள்.

எத்தனை ‘ஈ’ போட்டீங்க?

2022-ல் பாப்பா சென்னையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்தான் அவளுக்குப் பகல் முழுக்க வீடு. அங்கே எத்தனையோ லட்சம் புத்தகங்கள் இருக்கலாம். போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு வேண்டியது சொந்தப் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார ஓர் இடம். அதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால்தான் சார்ஜர் செருக வசதியான இடம் கிடைக்கும். தினமும் வருகிறவர்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், பெயர் தெரியாது. அவனும் அப்படி ஒரு முகம்தான். தண்ணீர் பாட்டிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பெயர் எழுதி ஒட்டியிருப்பான் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆக, பெயரும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அந்த மே மாதம் 21-ஆம் தேதி முதல்நிலைத் தேர்வு. எழுதியவர்களுக்குத் தெரியும்: இருநூறு கேள்விகள், ஏ முதல் டி வரை நான்கு விடைகள், அதோடு ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவதாக ஒரு ‘ஈ’. தெரியாத கேள்வியை வெறுமனே விட்டுவிட்டு வர முடியாது, ‘ஈ’ வட்டத்தை நிரப்ப வேண்டும். கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி என்று ஐந்தையும் தனித்தனியாக எண்ணி விடைத்தாளில் எழுத வேண்டும். கணக்கு உதைத்தால் மதிப்பெண் குறையும். பாப்பாவுக்கு எண்ணிக்கையில்தான் பயம். மறுவாரம் நூலகத்துக்குப் போனவள், படிக்கத் தோன்றாமல், வினாத்தாளை விரித்துவைத்துக்கொண்டு தான் நிரப்பியதை நினைவிலிருந்து மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். கூட்டினால் 199 வருகிறது. இன்னொரு தடவை எண்ணினால் 201. அழுகை வருகிற நிலை. எதிரில் உட்கார்ந்திருந்தவன் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டான்: “எத்தனை ‘ஈ’ போட்டீங்க?”

அதுதான் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அப்புறம் இருவரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, அவன் கேள்வி எண்ணைச் சொல்ல அவள் விடையைச் சொல்ல, ஒரு தாளில் கோடு போட்டுப் போட்டு எண்ணியிருக்கிறார்கள். இருநூறும் சரியாக வந்தது. அந்தத் தாளைப் பாப்பா இன்னும் வைத்திருக்கிறாள். நான் பார்த்திருக்கிறேன், நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடித்து, மளிகைக் கடைக் கணக்கு மாதிரி இருக்கும். ‘ஈ’க்கு நேரே 23.

அந்தத் தேர்வு இருவருக்குமே கைகூடவில்லை. அவன் வேறொரு தேர்வில் தேறி அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தான். இவளுக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவன் கேட்டபோது பாப்பா சொன்ன பதில் ‘ஈ’. அப்படியே சொன்னாளாம். அவனும் சரி என்று எழுந்து பஸ் ஏறிப் போயிருக்கிறான். நச்சரிக்கவில்லை, காரணம் கேட்கவில்லை, வழக்கம்போலப் பேசினான். சில மாதம் கழித்து இவளே அழைத்து விடையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டபோது, “கறுப்புப் பேனாவுல நிரப்பிட்டா மாத்த முடியாதே” என்று சொல்லிவிட்டு, உடனே “உனக்கு மட்டும் மாத்தித் தரேன்” என்றானாம். ஒரு பெண் ‘தெரியவில்லை’ என்று சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்த பையன். எந்த ஜாதகக் கட்டம் இதைச் சொல்லிவிடும்?

சாத்தூர் மாமா கொண்டுவந்த ஜாதகம்

வீட்டில் சொன்ன அன்று அக்கா சத்தம் போடவில்லை. முதலில் கேட்டது, “என்ன ஆளுக?” என்று. பாப்பா சொன்னாள். ஒரே சாதி. அக்கா முகத்தில் இருந்த பாதி பயம் அந்த ஒரு பதிலில் இறங்கியதைப் பாப்பா கண்ணால் பார்த்திருக்கிறாள். இதை எழுதாமல் விட்டுவிட்டு மீதிக் கதையைச் சொல்வது நியாயம் ஆகாது. இந்தக் கல்யாணம் நல்லபடி நடப்பதற்கு முதல் காரணம் அந்தப் பையனுடைய குணமோ பாப்பாவுடைய உறுதியோ இல்லை; சாதி ஒன்றாக அமைந்துபோன தற்செயல்தான். இந்தியாவில் சாதி மாறி நடக்கிற கல்யாணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் என்கிறது 2011-12-ல் எடுத்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணந்துகொண்ட சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது நம் யாருக்கும் மறந்திருக்காது. சாதி மாறியிருந்தால் பாப்பாவுக்கு இந்தப் பூசி மெழுகுகிற சலுகையே கிடைத்திருக்காது.

அத்தான் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் நிபந்தனையோடு வந்தார். கல்யாணம் செய்து வைக்கிறோம், ஆனால் காதல் என்ற பேச்சு வெளியே வரக் கூடாது. அவர்களுக்குத் தூரத்துச் சொந்தமான சாத்தூர் மாமா ஒருவர் அந்தப் பையன் வீட்டு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வருவார். ‘நல்ல இடம் ஒண்ணு இருக்கு’ என்பார். ஜோசியரிடம் கொடுத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். பெண் பார்க்க வருவார்கள். எல்லாம் முறைப்படி. பையன் வீட்டாரும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள், சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அதே சங்கடம்தான் இருந்திருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். பாப்பா காபித் தட்டோடு வந்தாள். அவனுக்குச் சர்க்கரை போடாமல் குடித்துத்தான் பழக்கம், அது அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. எல்லோருக்கும் கொடுத்த அதே காபியை அவனுக்கும் கொடுத்தாள். அவனும் முகம் மாறாமல் குடித்து முடித்தான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய தாய்மாமன், “பொண்ணும் பையனும் தனியா ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்ப்பா, காலம் மாறிப்போச்சு” என்று பெருந்தன்மையோடு சொல்ல, இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறவர்கள். மாடியில் என்ன பேசினீர்கள் என்று அப்புறம் கேட்டேன். “ஒண்ணுமே பேசல சித்தி. அழுகையா வந்துச்சு. அவன் துணி காயப்போட்ட கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னான். கீழ இறங்கி வந்து எல்லாரும் எங்க மூஞ்சியவே பாத்தாங்க, புடிச்சிருக்கான்னு கேட்டாங்க, புடிச்சிருக்குன்னு சொன்னோம்” என்றாள்.

அவளுக்கு ஏன் அழுகை வந்தது என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை, அறையில் போட்டுப் பூட்டவில்லை. ஆனால் தனக்கு வேண்டியவனைத் தானே கண்டுபிடித்தாள் என்பது அவள் வாழ்க்கையில் அவளே செய்த பெரிய காரியம். இருபத்தேழு வருஷத்தில் அவள் படிப்பை அப்பா முடிவு செய்தார், ஊரை வேலை முடிவு செய்தது. இது ஒன்றுதான் முழுக்க அவளுடையது. சம்மதம் கொடுக்கிறோம் என்று சொல்லி அதைத்தான் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இனி அறுபது வயதில் பேரப்பிள்ளை கேட்டாலும் சாத்தூர் மாமாதான் சம்பந்தம் கொண்டுவந்தார் என்று சொல்ல வேண்டும்.

நிச்சயத்தன்று

மண்டபத்தில் கூட்டம் நன்றாகவே இருந்தது. லக்னப் பத்திரிகையை வாசித்தார்கள். இன்னார் பேத்தி, இன்னார் குமாரத்தி சௌபாக்கியவதி இவளை, இன்னார் பேரன், இன்னார் குமாரர் சிரஞ்சீவி இவருக்கு என்று ஆரம்பித்து, ‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி’ என்று வருமே, அந்த இடத்தில் பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று பக்கத்தில் ஓர் அம்மா சொன்னார். தட்டு மாற்றினார்கள். மணமக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அப்போது சுக்கிலநத்தம் ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1928-ல் பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்ததாகச் சொல்லப்படுகிற ஊர், மண்டபத்திலிருந்து பக்கம்தான். அப்படி நடக்கிற மணங்கள் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதுவரை நடந்தவற்றையும் சேர்த்தே செல்லுபடியாக்கினார்கள். அந்தப் பிரிவை வாசித்துப் பாருங்கள். உறவினரோ நண்பரோ வேறு யாரோ கூடியிருக்க, இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் இவரை நான் கணவராக, இவரை நான் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம், ஏதாவது ஒன்று போதும். அந்த இருவருடைய சொல்லுக்கே ஒரு கல்யாணத்தை நிலைநிறுத்துகிற பலம் உண்டு என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. வயது வந்த இருவர் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டால் குடும்பமோ சாதியோ ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஊர்ப் பக்கத்தில் பாப்பா வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் அது நடந்தது. பையனுடைய அப்பத்தா, எண்பதைத் தாண்டியவர், நாற்காலியை விட்டு எழ முடியாது. ஆசீர்வாதம் வாங்கப் பாப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். காலைத் தொட்டு எழுந்தவளின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கிழவி கேட்டார்: “ஏத்தா, நீதான அந்த லைப்ரரிப் புள்ள?”

பாப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அப்பத்தாவோ சாதாரணமாக, “எம்பேரன் உம்பேரச் சொல்லி ரெண்டு வருசமாச்சு. இந்தப் பயலுக ஏதோ சாதகம் கீதகம்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க” என்று சொல்லிக் கன்னத்தைத் தடவினார். பக்கத்தில் நின்ற மருமகள் “அத்தே, மெதுவாப் பேசுங்க” என்று அதட்டினார். பையனுடைய அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். பையனின் தங்கைக்குத் தெரியும். எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியும், காலையில் என்னைத் தனியே அழைத்து, “பையன் எந்த ஊர்ல பழக்கம்?” என்று கேட்டதே அவர்தான். புகைப்படம் எடுக்க வந்த பையன்கூட “அண்ணா அக்கா, நீங்க பழகினவங்கதானே, கொஞ்சம் ஃப்ரீயா நில்லுங்க” என்றான். வளர்ந்தவர்களில் தெரியாதவர் என்று ஒருவரையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

அப்படியானால் இத்தனை ஏற்பாடும் யாரை நம்ப வைக்க? இந்தக் கேள்வியோடுதான் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினேன். பதில் பஸ்ஸிலேயே கிடைத்தது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏதோ யோசித்துக்கொண்டே வந்தவள் சொன்னாள்: “அக்காவும் மாமாவும் எவ்ளோ பொருத்தமா இருக்காங்கல்லம்மா. லவ் பண்றவங்கதான் கஷ்டப்படுறாங்க, ஓடிப் போறாங்க, நியூஸ்ல வர்றாங்க. பெரியம்மா மாதிரி வீட்ல பார்த்துக் கட்டி வச்சா எந்தப் பிரச்சினையும் இல்ல.”

கேட்டவுடன் எனக்குப் பகீரென்றது. அத்தனை பேர் கூடிய மண்டபத்தில் அந்தக் கதையை நிஜமாகவே நம்பியவர்கள் என் மகளும் அவள் வயதுப் பிள்ளைகளும் மட்டும்தான். ஊர் வாயை அடைக்கக் கட்டிய கதை ஊருக்குள் நுழையவே இல்லை. நேராகப் பிள்ளைகள் காதில் போய் விழுந்திருக்கிறது. நல்லபடி முடிந்த காதல்களை எல்லாம் ‘பார்த்து முடித்தது’ கணக்கில் எழுதிவிட்டு, ரத்தத்திலும் தற்கொலையிலும் முடிந்தவற்றை மட்டும் ‘காதல்’ கணக்கில் விட்டுவைத்தால், பதினான்கு வயதுப் பிள்ளை வேறு என்ன முடிவுக்கு வரும்? நாளை அவளுக்கு ஒருவனைப் பிடித்துப்போனால், நம் வீட்டில் இப்படி யாருமே இல்லையே, நான் மட்டும் ஏன் இப்படி என்றுதானே நினைப்பாள்?

இதைவிடப் பெரிய பயம் எனக்கு ஒன்று இருக்கிறது. பாப்பா பழகிய பையன் நல்லவன், அதனால் பிழைத்தோம். அவன் மோசமானவனாக இருந்து, புகைப்படத்தை வைத்துக்கொண்டு மிரட்டியிருந்தால், கை நீட்டியிருந்தால், நாலு வருஷத்தில் அவள் எந்த வாயோடு வீட்டில் வந்து சொல்லியிருப்பாள்? எங்கே பார்த்தாய், எப்படிப் பழக்கம் என்ற முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாத வீட்டில், அடி வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது? காதலிக்கிற பிள்ளைகளை நாம் தடுத்து நிறுத்திவிடவில்லை. ஆபத்து வந்தால் நம்மிடம் ஓடி வருகிற வழியைத்தான் அடைத்து வைத்திருக்கிறோம்.

அந்த பஸ்ஸிலேயே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலகம், 199, 201, படிக்கட்டு, ‘ஈ’, மொட்டை மாடி, அப்பத்தா எல்லாம். கண் விரியக் கேட்டாள். காரியாபட்டி தாண்டும்போது, “அப்ப பெரியம்மா ஏன் பொய் சொன்னாங்க?” என்றாள். பயம் என்றேன். யாரைப் பார்த்துப் பயம் என்றாள். அவர்கள் எல்லோருக்கும்தான் தெரியுமே என்றாள். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அக்காவுக்கு இது தெரிந்தபோது கோபம்தான். “சின்னவ ஒருத்தி இருக்கா, அவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா? மூத்தவ இப்படின்னா சின்னவளக் கேக்க யார் வருவா?” என்றாள். என் அக்காவை நான் கொடுமைக்காரியாக எழுதவில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் விடுகிற ஒரு வார்த்தை எப்படிப் பல வருஷம் கூடவே வரும் என்று அவள் பட்டுத் தெரிந்துகொண்டவள். மாமியார், நாத்தனார், ஊர் என்று முப்பது வருஷம் பதில் சொல்லியே வந்திருக்கிறாள். பாப்பாவுக்காக அத்தானிடம் இரவெல்லாம் வாதாடியதும் அவள்தான். இருந்தாலும் சின்னவளைப் பற்றி அவள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னவள் கல்லூரிக்குப் போகிறவள், நடந்தது எல்லாம் அறிந்தவள். நாலு வருஷம் பொத்தி வைத்து, கடைசியில் சாத்தூர் மாமா ஒருவரை ஏற்பாடு செய்தால் காரியம் ஆகும் என்பதை அக்கம்பக்கத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்துகொண்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். அக்காவிடம் இதையே சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். கல்யாணம் ஆவணியில். வரவேற்பில் சித்திதான் எங்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும், நூலகத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று பாப்பா பிடிவாதம் பிடிக்கிறாளாம். கூடப் படித்த சிநேகிதர்கள் எல்லாம் வருகிறார்கள், அவர்கள் முன்னால் சாத்தூர் மாமா கதையைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்றிருக்கிறாள். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சரி, பேசு. ஆனா அப்பா அம்மா முழு சம்மதத்தோடன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ” என்றாள்.

தாராளமாகச் சேர்த்துக்கொள்வேன். அது உண்மை. அதற்காக அவள் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்வேன். அத்தானிடம் மட்டும் இன்னும் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆடி கழியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.